சர்க்கரை நோயாளியின் முதுகில் கை வைக்கும் முன்

வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குத் தருமபுரியில் பொது மருத்துவம் பார்த்துவரும் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில்தான் இருக்கிறார். எங்களுக்குத் தக்காளித் தோட்டம். பெட்டி தூக்கித் தூக்கி, இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலியால் அவதிப்படுகிறார். பெங்களூரில் ஆஸ்டியோபதி என்ற முறையில் மருந்தே இல்லாமல் கையால் முதுகு வலியைச் சரிசெய்கிறார்கள், ஆறு முறை போனால் போதும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்று ஓசூரில் வேலை செய்யும் எங்கள் மகன் சொல்கிறான். அழைத்துப் போகலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: அழைத்துப் போகலாம் அம்மா. ஆனால் பெங்களூருக்கு வண்டி ஏறும் முன் இங்கேயே முடிக்க வேண்டிய சில பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் அவர் முதுகில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

உங்கள் மகன் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874இல் தொடங்கிவைத்த முறைதான் ஆஸ்டியோபதி. இறுகிய தசையைப் பிசைந்து தளர்த்துவது, தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வை மெதுவாக இழுத்துப் பிடிப்பது, நோயாளியையே எதிர்த்துத் தள்ளச் சொல்லி அந்த விசையைக் கொண்டே மூட்டை இளக்குவது, சில வேளைகளில் 'சடக்' என்று ஒலி வரும்படி மூட்டைச் சட்டென்று தள்ளுவது எனப் பல கைப்பக்குவங்கள் அதில் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 455 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களில் ஆறு முறை இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தது. சிகிச்சை போலத் தோன்றும் வெறும் தொடுதலைப் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே அந்த அளவு குறைந்தது. அந்த 455 பேரில் 34 பேர் சர்க்கரை நோயாளிகள். அவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி குறைந்திருந்தது. அழற்சியோடு தொடர்புள்ள டி.என்.எஃப். ஆல்பா என்ற பொருளும் அவர்கள் இரத்தத்தில் இறங்கியிருந்தது. மகன் சொல்லும் ஆறு முறைக் கணக்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் 34 பேர் என்பது ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடும் கூட்டம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்று அவர்களை வைத்து முடிவு கட்டுவதற்கில்லை. 2021இல் பிரான்சில் 400 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அதில், அன்றாட வேலைகளைச் செய்வதில் கிடைத்த முன்னேற்றம் மிகச் சிறியதாகவும், நோயாளியின் வாழ்க்கையில் பெரிதாகத் தெரியாததாகவும் இருந்தது. ஆகவே, வலி சற்றுக் குறையலாம் என்ற எதிர்பார்ப்போடு போவதில் தவறில்லை. இரத்தச் சர்க்கரையை இறக்கும் சிகிச்சையாக அதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத்திரையைக் குறைத்தும் விடாதீர்கள்.

மகனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். டெக்சாஸ் ஆய்வில் சேர்க்கும் முன்பே, முதுகெலும்பில் கிருமித்தொற்று, எலும்பு முறிவு, புற்றுநோய், பிதுங்கிய வட்டு (டிஸ்க்) போன்றவை உள்ளவர்களை விலக்கிவிட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த முதுகுகள்தான் அந்தக் கைகளுக்குக் கிடைத்தன. நம் ஊரில் அந்த வடிகட்டலை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் கவலை. வலி என்றதும் சுளுக்கு வழிப்பவரிடம் போகிறோம், அடுத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறோம். இரண்டும் கேட்காமல் போன பிறகுதான் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது.

சர்க்கரை நோயாளிக்கு முதுகில் வலி வரப் பல வழிகள் உண்டு. கட்டுப்படாத சர்க்கரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுவதால், முதுகெலும்பில் சீழ் கட்டலாம், சிறுநீரகத்தில் தொற்று ஏற்படலாம். காசநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம், அந்தக் காசநோய் நுரையீரலை விட்டு முதுகெலும்பிலும் குடியேறும். நரம்பு பாதிக்கப்பட்டால் இடுப்பிலிருந்து தொடைவரை தீப்பிடித்தது போன்ற வலி வந்து, சில வாரங்களில் தொடை இளைத்துப் போகும். அதை எவ்வளவு பிசைந்தாலும் பயன் இல்லை. சென்ற ஆண்டு அரூர் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். முதுகு முழுவதும் எண்ணெய் மினுங்கியது. மூன்று வாரங்களாக வழித்துவிட்டிருக்கிறார்கள். சட்டையைத் தூக்கி முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தட்டிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் தட்டியதும் துள்ளிவிட்டார். மாலையில் காய்ச்சல் வருமா என்று கேட்டபோது, ஒரு மாதமாக வருகிறது, அசதியால்தான் என்று நினைத்தோம் என்றார் அவர் மனைவி. ஸ்கேனில் இரண்டு முள்ளெலும்புகள் அரித்துப் போயிருந்தன, காசநோய். அந்த முதுகை இன்னும் ஒரு வாரம் அழுத்தியிருந்தால் அவரால் நடக்க முடியாமல் போயிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதைக்கிறது.

எனவே உங்கள் கணவருக்கு முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். ஆகிய பரிசோதனைகளையும், முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இவ்வளவையும் முடித்துக்கொள்ளலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, கால் வலுவிழப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் கைச்சிகிச்சை வேண்டாம். சிறுநீர் கழிக்கச் சிரமமோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போவதோ இருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் தாராளமாகப் போகட்டும். சர்க்கரை நோய் இருப்பதையும், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் அதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். மென்மையான முறைகளே போதும், சடக்கென்று தள்ளுவது வேண்டாம், குறிப்பாகக் கழுத்தில் வேண்டவே வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63, சர்க்கரை ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. முதுகும் கழுத்தும் கட்டை போல் இறுகிவிட்டன. திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். சிறு வயதிலிருந்தே பற்களில் பழுப்புக் கறை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். முதுகை நன்றாக இழுத்து நெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: வேண்டாம் ஐயா. இப்படி ஒரு வார்த்தையில் மறுத்துச் சொல்வது என் வழக்கம் அல்ல. உங்கள் கடிதத்தில் பல் கறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகப் போடப்பட்டதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் கடைசி எல்லை. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால், பல்லில் கறையாகத் தொடங்குவது எலும்பில் போய்ப் படிந்து, முள்ளெலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு ஏறி, வளைய வேண்டிய முதுகு ஒரே கழியாகிவிடும். சர்க்கரை கட்டுப்படாதபோது தாகம் அதிகம், குடிக்கும் தண்ணீரும் அதிகம். ஃபுளோரைடை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் சர்க்கரையால் கெட்டிருந்தால், உள்ளே போனது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படும் டிஷ் என்ற வேறொரு நிலையும் உண்டு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் முன்புறம் மெழுகுவர்த்தி உருகி வழிந்தது போல எலும்பு வளர்ந்திருக்கும். காரணம் எதுவானாலும், இறுகிப்போன முதுகு பச்சைக் கிளை போல வளையாது, காய்ந்த குச்சி போல ஒடியும். உள்ளே தண்டுவடம் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுங்கள். முகவாயை நெஞ்சில் தொடுங்கள். கைகளை உயர்த்தி முழங்கையை மடக்கிப் பின்தலையைத் தொடுங்கள். மூன்றில் எது முடியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லி, முதுகோடு முன்கைக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது ஃபுளோரைடின் வேலை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். குடிக்கும் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் தண்ணீர் வற்றுமே தவிர ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயில் பிடித்துக் குடியுங்கள். இறுக்கத்துக்கு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மெதுவான அசைவுகளும் மூச்சுப் பயிற்சியுமே ஏற்றவை.

கேள்வி: ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக், பிசியோதெரபி, தொக்கணம் எல்லாம் ஒன்றுதானா? யாரிடம் போவது? (வாசகர், ஓசூர்)

பதில்: ஒன்று அல்ல தம்பி, ஆனால் கை செய்யும் வேலையில் நிறைய ஒற்றுமை உண்டு. கைரோபிராக்டிக் முதுகெலும்பை நெட்டி எடுப்பதையே பெரிதும் நம்பியிருப்பது. தொக்கணம் நம் சித்த மருத்துவத்தில் உள்ளது. தட்டல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகை. பிசியோதெரபிஸ்ட் கையாலும் செய்வார், பயிற்சியும் கற்றுத்தருவார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு அந்தப் பயிற்சிதான் நீண்ட நாள் துணை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் மருந்து எழுதும், அறுவைச் சிகிச்சையும் செய்யும் முழு மருத்துவர். இங்கே அந்தப் பெயர்ப்பலகையை மட்டும் வைத்து அப்படி நினைத்துவிட முடியாது. ஆகவே எதன் பெயரில் நடத்தினாலும், உள்ளே இருப்பவர் பிசியோதெரபி பட்டமோ சித்த மருத்துவப் பட்டமோ பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அம்மா இன்சுலின் போடுகிறார். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. முதுகுப் பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர்ப் பை வைக்கிறோம். கால் முன்னே பிறந்த ஒருவர் ஊரில் இருக்கிறார், அவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று பாட்டி சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: மிதிப்பதை மட்டும் அடியோடு தவிர்த்துவிடுங்கள் அம்மா. பாட்டி அன்போடுதான் சொல்கிறார். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவரின் எலும்பு, அடர்த்திப் பரிசோதனையில் சரியாகத் தெரிந்தாலும், உள்ளுக்குள் வலுக் குறைந்திருக்கலாம். ஒரு மிதியில் முள்ளெலும்பு நசுங்கினால் அம்மா படுக்கையோடுதான்.

எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை; இன்சுலின் போட்ட இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், தேய்த்தால் மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, முதுகில் பத்து நிமிடம் வைத்தால் போதும். மரத்த பாதத்தில் அதை வைக்கவே கூடாது. வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எந்தக் கைச்சிகிச்சைக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டே போகட்டும். கையில் சர்க்கரை வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சிகிச்சை முடிந்ததும் உடனே எழுப்பிவிடாமல், இரண்டு நிமிடம் உட்கார வைத்து நிற்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கு எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

கேள்வி: வாரம் மூன்று முறை பிசியோதெரபிக்குப் போகப் பேருந்து வசதியும் இல்லை, பணமும் இல்லை. (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருவதாக உள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, முதுகு வலியையும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொண்டுவருபவரிடம் வலியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறவர்கள் பலர்.