பாட்டியின் நெற்றிச் சுருக்கம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் பாட்டி போன வருடம் தவறிவிட்டார். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எட்டு மாதமாக வார இறுதிகளில் ஆயில் பெயின்டில் அவர் முகத்தை வரைந்தேன். வீட்டில் எல்லோரும் "போட்டோ மாதிரியே இருக்கு" என்றார்கள். எனக்கு மட்டும் பாட்டியைப் பிளாஸ்டிக்கில் செய்து வைத்த மாதிரி இருந்தது. டெக்ஸ்ச்சர் (தொட்டால் தெரிகிற தோலின் தன்மை) இல்லை என்று தோன்றியதால், இரண்டு வாரத்துக்கு முன் சுருக்கங்களிலும் கண்ணுக்குக் கீழேயும் பேலட் கத்தியால் (பெயின்ட் குழைக்கும் கத்தி) பழுப்பைக் கனமாக வைத்தேன். இப்போது தார் ரோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. நிபோங் திபாலிலிருந்து வந்த சின்னப்பாட்டி (பாட்டியின் தங்கை) பார்த்துவிட்டு, "அக்காவுக்கு எப்போ அம்மை போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டார். யதார்த்தமான முக ஓவியத்தில் டெக்ஸ்ச்சரை எப்படித்தான் கொண்டுவருவது? இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன்.

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

சின்னப்பாட்டியின் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் உங்கள் படத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. மேட்டில் வைக்கவேண்டிய கனத்தைப் பள்ளத்தில் வைத்திருக்கிறீர்கள்.

சுருக்கத்தைக் கோடாக நினைப்பது பென்சில் பிடித்த நாளிலிருந்து நமக்கு வரும் பழக்கம். உங்கள் அம்மாவின் நெற்றியை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். வெளிச்சம் மேலிருந்து விழும்போது பள்ளம் இருட்டும். அதற்குக் கீழே உள்ள மேட்டின் முதுகு பளிச்சிடும். வரையும்போது அந்தப் பள்ளத்துக்கு டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பழுப்பே போதும், கேன்வாஸின் நெசவு தெரிகிற அளவுக்கு மெல்லியதாக. மேட்டின் முதுகில்தான் குழாயிலிருந்து வந்த கெட்டிப் பெயின்டை ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.

காரணம் எளிது. கனமாக வைத்த பெயின்டுக்குச் சொந்தமாக ஒரு மேடு பள்ளம் உண்டு. படம் மாட்டிய அறையின் விளக்கு அதில் பட்டுத் தெறிக்கும். வெளிச்சமான இடத்தில் அந்தத் தெறிப்பு நமக்கு உதவி. நிழலில் அதுவே எதிரி, கறுப்பு சாம்பலாகிவிடும். இதை நான் அவமானப்பட்டுக் கற்றேன். முப்பது வருடத்துக்கு முன் பினாங்கு லெபோ பாசார் தெருவில் கடை வைத்திருந்த ஒரு பெரியவரை அவர் பிள்ளைகள் வரையச் சொன்னார்கள். ஜன்னலோரம் வைத்து வரைந்தபோது அருமையாக இருந்தது. கடையில் கல்லாவுக்கு மேலே, டியூப் லைட்டுக்கு அடியில் மாட்டினார்கள். மறுநாளே போன் வந்தது: "அப்பாவுக்குக் கண்ணுக்குக் கீழ வெள்ளையா என்னமோ இருக்கு, துடைச்சாலும் போகலை." நிழலில் நான் அப்பி வைத்த பெயின்டின் வரப்புகள் டியூப் லைட்டை வாங்கி மின்னிக்கொண்டிருந்தன. துடைச்சாலும் போகலை என்ற சொல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து படம் எந்தச் சுவருக்குப் போகிறது, விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். மேலிருந்து விளக்கு என்றால், குறுக்காக இழுத்த தூரிகைத் தடம் மின்னும், நெட்டுக்குத்தாக இழுத்தது அடங்கிப்போகும். நெற்றியில் எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதும் டெக்ஸ்ச்சர்தான்.

இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பேசுகிற தமிழில் இதற்கு ஒரே சொல்லாக எதுவும் இல்லை. சொரசொர, வழவழ, பிசுபிசு, மெத்துமெத்து, மொறுமொறு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உங்கள் சிக்கலும் இங்கேதான். முதலில் முகம் முழுக்க வழவழ, பிறகு முகம் முழுக்கச் சொரசொர. பாட்டியின் முகத்தில் எல்லாமே இருந்திருக்கும்: கண்ணின் ஈரம், கீழுதட்டின் மென்மை, கன்ன எலும்பின் மேல் இழுபட்ட தோல், கழுத்தில் தொங்கும் தோல், மூக்குத்தியின் உலோகம். கண் ஈரமாகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள தோல் காய்ந்திருக்க வேண்டும். மூக்குத்திக்கு ஒரே ஒரு கெட்டிப் புள்ளி. அதை முகத்திலேயே கடைசியாக வையுங்கள்.

இனி தோலின் நிறம். இணையத்தில் முகம் வரையச் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்தே சொல்கிறார்கள். நம் பாட்டிமாருக்கு அது செல்லாது. கறுத்த தோல் உள்ளே புகும் வெளிச்சத்தில் நிறைய விழுங்கிவிடும். மேற்பரப்பின் எண்ணெய்ப் பசையில் பட்டுத் தெறிப்பது மட்டும் அப்படியே திரும்பி வரும். அதனால் மினுமினுப்புக்கும் பக்கத்துத் தோலுக்கும் உள்ள வித்தியாசம் வெள்ளை முகத்தைவிடக் கூடுதல். அந்த மினுமினுப்பில் தெரிவது வெளிச்சத்தின் நிறம். ஜன்னலோரம் என்றால் நீலம் கலந்த சாம்பல். நீங்கள் பழுப்போடு வெள்ளையைக் கலந்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் கன்னத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சாம்பலைக் கெட்டியாக எடுத்து, பன்றிமுடித் தூரிகையைப் படுக்க வைத்து, காய்ந்த பரப்பின் மேல் லேசாக உரசிக்கொண்டு போங்கள். நெசவின் முகட்டில் மட்டும் பெயின்ட் ஒட்டும், குழியில் ஒட்டாது. தோலின் துளைகள் தாமாகவே வந்துவிடும். புள்ளி புள்ளியாக வைத்தால் சின்னப்பாட்டி மறுபடியும் அம்மை என்பார்.

"போட்டோ மாதிரி" என்ற பாராட்டை நினைத்து வருந்தாதீர்கள். நம் வீடுகளுக்கு ஆயில் ஓவியம் நேராக வரவில்லை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் போன்றவற்றிலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படமாகத்தான் வந்தார்கள். அச்சில் நிறம் வரும், பெயின்டின் கனம் வராது. அப்புறம் ஸ்டூடியோ படம்: இறந்தவர் முகத்தை டச்சிங் செய்து வழித்துத் துடைத்து, மாலை போட்டு மாட்டுவது. வழவழப்பே மரியாதை என்று பழகிவிட்டோம். கோலாலம்பூர் போனால் ஜாலான் துன் ரசாக்கை ஒட்டி உள்ள தேசியக் கலைக்கூடத்தில் ஏறுங்கள். மலேசிய முக ஓவியர் ஹுசைன் எனாஸ் வரைந்த முகம் ஏதாவது மாட்டியிருந்தால், நேராக நின்று பார்த்தபின் சுவரோரமாகப் போய்ப் பக்கவாட்டிலும் பாருங்கள். எங்கே கனம், எங்கே மெல்லிசு என்று அப்போதுதான் தெரியும். காவலாளி முறைப்பார், பரவாயில்லை.

17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அவர் வரைந்த ஒரு முகத்தில் பெயின்ட் அவ்வளவு கனமாக இருந்ததால், மூக்கைப் பிடித்தே படத்தைத் தரையிலிருந்து தூக்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டில் அவர் வாழ்க்கையை எழுதிய ஹௌப்ராக்கன் சொல்கிறார். மிகைதான். ஆனால் எந்த இடம் என்று பாருங்கள்: மூக்கு, முகத்தில் வெளிச்சம் முதலில் வாங்கும் மேடு. அவருடைய கனத்தின் ரகசியம் என்ன என்று ஆட்கள் இன்னும் தோண்டுகிறார்கள். 2019-இல் அவருடைய மூன்று ஓவியங்களின் கனமான பூச்சில் பிளம்போனாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நல்ல செய்தி, உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்லை. அவர் பயன்படுத்திய ஈய வெள்ளை விஷம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கிட்டவே சேர்க்க வேண்டாம். டைட்டானியம் வெள்ளையில் கொஞ்சம் கால்சைட் தூள் (சுண்ணாம்புக்கல் மாவு) குழைத்தால் நன்றாகக் கெட்டிப்படும். குழாயின் பின்னால் பிடபிள்யூ 4 என்று போட்டிருந்தால் அதில் துத்தநாகம் இருக்கிறது. நாளாக ஆகப் படலம் நொறுங்கும், தவிர்த்துவிடுங்கள். ரெம்பிராண்டிடமிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. சுமார் 1628-இல், இளவயதில் வரைந்த தன் முகத்தில், ஈரப் பெயின்டைத் தூரிகையின் பின்முனையால் கீறிச் சுருட்டை முடியைக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டியின் காதோர நரைக்குச் செய்து பாருங்கள்.

சரி, கையில் இருக்கும் படத்தை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள். ஆயில் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் மெத்தென்றிருக்கும். இப்போதே பேலட் கத்தியைச் சாய்த்துப் பிடித்து அந்த வரப்புகளைச் சுரண்டி எடுங்கள். அடியில் இருப்பது மாதக்கணக்கில் காய்ந்தது, தாங்கும். சுரண்டிய இடத்தில் பழுப்புக் கறை மிஞ்சும். அதைத் துடைக்க வேண்டாம், பள்ளத்துக்கு வேண்டிய மெல்லிய நிழல் அதுதான். அதன்பின் மேடுகளில் மட்டும் கனம் வையுங்கள். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது, மாறினால் பூச்சில் வெடிப்பு விழும். வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம், கனமான இடத்துக்கு ஒரு வருடம்கூடக் கொடுக்கலாம். நம் ஊர் ஈரத்தில் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல், பின்னால் இரண்டு கார்க் துண்டு வைத்து மாட்டுங்கள்.

ஒன்று மட்டும் பெயின்டால் சரிசெய்ய முடியாது. அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் முன்னாலிருந்து அடித்திருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி வெளுத்துப்போயிருக்கும். அந்தப் படத்தில் பார்க்கச் சுருக்கமே இல்லை, நீங்கள் ஞாபகத்திலிருந்து கோடு போட்டிருக்கிறீர்கள். நிபோங் திபாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அக்கா தங்கை, எலும்பு ஒன்றாகத்தான் இருக்கும். நாலு மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு, சின்னப்பாட்டியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கேன்வாஸ் வேண்டாம், ஒரு நோட்டும் கரியும் போதும். மேடுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். இமைத்தோல் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.