கேள்வி பதில்: ஒன்பது பேரும் ஒரு படவுருவும்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களுக்கு, ஊதியம் எதிர்பாராமல் படவுரு (ஐகான்), திரை அமைப்பு, எழுத்துரு ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. படிக்கப் படிக்கத்தான், அவை ஐந்தும் ஒரே குழுவைச் சுற்றி எழுதப்பட்டவை என்பதும், எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எழுதியிருக்கிறார்கள் என்பதும் புரிந்தது. அவர்களுடைய இசைவோடு, பெயர்களை நீக்கிவிட்டு, ஐந்தையும் இம்மாதம் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் ஒன்பது பேர். பெரும்பாலோர் இங்குள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்கள். இப்போது ஈப்போ, பினாங்கு என்று பிரிந்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான கட்டற்ற சொல் விளையாட்டு ஒன்றுக்கு வடிவமைப்பு செய்து தருகிறோம். முகப்புப் படவுருவுக்கு வந்த மூன்று மாதிரிகளை வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புக்கு விட்டோம். நான்கு, மூன்று, இரண்டு என்று வாக்குகள் பிரிந்தன. நான்கு பெற்றதை ஏற்றுக்கொண்டோம். மற்ற இரண்டையும் வரைந்தவர்கள் அன்றிரவே குழுவை விட்டு விலகிவிட்டார்கள். எல்லாரையும் கேட்டுத்தானே முடிவு செய்தோம், இதில் என்ன தவறு?
குழு ஒருங்கிணைப்பாளர், ஆசிரியை

பதில்: நீங்கள் நேர்மையாகத்தான் நடந்துகொண்டீர்கள், ஆசிரியை அவர்களே. ஆனால் வாக்கெடுப்பு எந்த வேலைக்கு உரியதோ அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். நால்வர் விரும்பியது வென்றது. ஐவரின் முதல் தேர்வு அதுவல்ல. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் குறை மேலும் பெரிதாகிவிடும் என்பதால்தான், 1998 இல் தங்களுக்கென ஓர் அமைப்பு விதியை எழுதி ஏற்றுக்கொண்ட, டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தினர், ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கையில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எழுதச் சொல்லி, இருவர் இருவராக ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். ஆயினும் எண்ணும் முறையை மாற்றினால் மட்டும் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடாது. அந்தப் படவுரு எதைச் செய்ய வேண்டும் என்பதை வாக்கெடுப்புக்கு முன் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. விலை குறைந்த கைப்பேசியில், சுண்டுவிரல் நகத்தளவு திரையிடத்தில், முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் பார்த்தவுடன் அடையாளம் காண வேண்டுமா, அல்லது பெற்றோருக்கு இது தமிழ் கற்பிக்கும் கருவி என்று புரிய வேண்டுமா? இந்த அளவுகோல் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தம் ரசனைக்கு வாக்களிக்கிறார்கள், ரசனை தோற்கும்போது வரைந்தவர் தாமே தோற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

இதே பூசல் பெரிய அளவில் ஒருமுறை நடந்தது. 2010 ஏப்ரலில் வெளியான, உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் 10.04 பதிப்பில், சாளரத்தை மூடும் பொத்தான்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. வெளியீட்டுக்கு முன்பே பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அத்திட்டத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த், நல்ல கருத்துகளையும் தரவுகளையும் வரவேற்பதாகவும், ஆனால் வடிவமைப்பு முடிவுகளை வாக்கெடுத்துத் தீர்மானிக்கப் போவதில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 2017 இல் வெளியான 17.10 பதிப்பில் பொத்தான்கள் மீண்டும் வலப்பக்கம் திரும்பின. வாக்கெடுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னது சரி என்பதே என் கருத்து. ஆனால் முடிவைச் சொல்லும்போதே அதன் காரணத்தையும், எதைக் கண்டால் முடிவை மாற்றிக்கொள்வோம் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால், அவ்வளவு கசப்பு மிஞ்சியிருக்காது.

வடிவங்களுக்கு வாக்கெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெபியன் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் பங்களிப்பாளர்கள் அனுப்பும் பின்னணி ஓவியங்களிலிருந்து ஒன்றைக் கருத்துக் கணிப்பின் வழியே தேர்ந்தெடுக்கிறது. இன்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளும் தன் அறிமுகத் திரைக்குப் போட்டி வைக்கிறது. அந்த ஓவியங்கள் தனித்து நிற்பவை. எது வென்றாலும் மென்பொருளின் மற்ற பாகங்கள் கெடுவதில்லை. படவுருவோ இருபது உடன்பிறப்புகளோடு ஒரே திரையில் வாழ வேண்டியது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். அவர் வரையத் தொடங்கும் முன் அரைப் பக்கத்தில் தேவையை எழுதி அனைவருக்கும் காட்டட்டும். மாதிரி வந்ததும் கருத்துக்கு 72 மணி நேரம் கொடுங்கள். இது அப்பாச்சி என்னும் கட்டற்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் குறைந்தபட்சக் காலம். வேலைக்குப் போகிறவர்கள், இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள், வேறு நாட்டில் இருப்பவர்கள் என்று எல்லாருக்கும் ஒருமுறையாவது பார்க்க நேரம் கிடைக்கும். அங்கேயே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு: நிரலில் செய்யும் மாற்றத்தை ஒருவர் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் கூறாத தடை செல்லாது. உங்கள் குழுவிலும் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது கருத்தாகப் பதிவாகட்டும், தடையாக வேண்டாம். ‘சிறிய அளவில் இந்த இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடுகின்றன’ என்பது தடையாகலாம். காலம் முடிந்ததும் பொறுப்பாளர் முடிவெடுத்து, ஏன் என்று மூன்று வரி எழுதிவிட வேண்டும். பொறுப்பாளர் யார், விதிகள் எவை என்பவற்றுக்கு வாக்கெடுங்கள்.

விலகிய இருவருக்கும் குழுவில் பொதுவாக எழுதாமல், தனித்தனியே நீங்களே எழுதுங்கள். அவர்கள் எதை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: விலகிய இருவரில் நான் ஒருவன். முகப்புப் படவுரு போகட்டும். அதற்கு முன் நான் வரைந்து கொடுத்த 14 படவுருக்கள் இன்னும் அந்த விளையாட்டில் இருக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா?
வரைகலைஞர்

பதில்: கொடுக்கும்போது எந்த உரிமத்தின் கீழ் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 உரிமங்களில் ஒன்றின் கீழ் வெளியிட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற இயலாது. உரிமத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றும்வரை எவரும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். உங்கள் பெயரை அதிலிருந்து எடுத்துவிடும்படி கேட்க மட்டும் அந்த உரிமம் இடமளிக்கிறது; இயன்றவரை அவர்கள் அதைச் செய்ய வேண்டும். எந்த உரிமமும் எழுதப்படாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு சரி என்றால், நம் நாட்டின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரிடமே பொதுவாக உரிமை தங்கும். அப்படியானால் இதுவரை அந்த விளையாட்டு தெளிவான அனுமதி இல்லாத படங்களை ஏந்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது உங்கள் குற்றமன்று. குழுவின் விதிகளில் உள்ள ஓட்டை.

உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. அந்தப் 14 படங்களை அழுத்திச் சொற்களைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் வருத்தத்துக்கும் தொடர்பில்லை. முடிந்தால் அவற்றை உரிய உரிமத்தோடு உங்கள் பெயரிலேயே முறையாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விலகி நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

குழுவினருக்கும் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்திருந்த ஒரு குழுவில் மூலக் கோப்புகள் முழுவதும் ஒரே ஒருவருடைய மடிக்கணினியில் இருந்தன. அது பழுதானபோது எங்களிடம் மிஞ்சியவை சிறிய பிஎன்ஜி படங்கள் மட்டுமே. பச்சை நிறத்தைச் சற்று அடர்த்தியாக்க வேண்டும் என்ற சிறு மாற்றத்துக்காக, ஏற்கெனவே முடிந்திருந்த படங்களை ஒவ்வொன்றாக முதலிலிருந்து வரைந்தோம். ஆகவே எந்த அளவிலும் திருத்தக்கூடிய எஸ்விஜி வகை மூலக் கோப்பு, வரைந்தவர் பெயர், உரிமத்தின் பெயர் மூன்றும் திட்டத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். இன்க்ஸ்கேப், பென்பாட் போன்ற கட்டற்ற கருவிகளில் வரைந்தால், அடுத்து வருபவர் பணம் கட்டாமல் அதே கோப்பைத் திறக்கலாம்.

கேள்வி: நான் நிரலர். வடிவமைப்பாளர்கள் இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, முழுத் திரையையும் மாற்றிய அழகான படம் ஒன்றை அனுப்புகிறார்கள். அதை அப்படியே கொண்டுவர என்னால் முடியவில்லை. சொன்னால், மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள். நான் என்ன செய்வது?
நிரலர், ஈப்போவில் பணிபுரிபவர்

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) நெடுநேரம் பார்த்தேன். வடிவமைப்பாளர் வரைந்த பொத்தானில் ஆங்கிலச் சொல் இருக்கிறது. ஆறே எழுத்து, இருபுறமும் தாராளமாக இடம். நீங்கள் ஆக்கிய திரையில் அதே பொத்தானில் ‘தேர்ந்தெடுக்கவும்’ என்று இருக்க வேண்டியது, ‘தேர்ந்தெடுக்’ என்று நின்றுவிட்டது. ‘டு’வின் கீழ்ப்பகுதியும் பொத்தானின் அடிக்கோட்டில் வெட்டுப்பட்டிருக்கிறது. நம் கணக்கில் அச்சொல் 9 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அதுவே 17 குறியீடுகள். வடிவமைப்பாளர் ஆங்கிலத்தில் வரைந்ததும், எண்ணிக்கையை வைத்து நீங்கள் அகல வரம்பு இட்டதும் சேர்ந்துதான் அந்தச் சொல்லை வெட்டின. இருவரும் முதல் வாரத்திலேயே ஒரே பிழைப்பதிவில் பேசியிருந்தால், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

வடிவமைப்புக் குழு என்று தனி அறை கட்டிக்கொண்டு, சன்னல் வழியே படங்களை நீட்டும் ஏற்பாடு எங்கும் நிலைத்ததாக நான் அறியவில்லை. ஒவ்வொரு பணிக்கும் ஒரு வடிவமைப்பாளரும் ஒரு நிரலரும் இணைந்து பொறுப்பேற்கட்டும். முழுத் திரையைக் கேட்காதீர்கள். ஒரு பொத்தான், ஒரு பட்டியல் என்று கேளுங்கள். அத்துடன், பொதுவான முடிவுகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியதில்லை. 2002 இல் க்னோம் என்னும் கணினித் திரைச் சூழலின் 2.0 பதிப்பு வெளிவந்த காலத்தில் அத்திட்டத்தினர் இடைமுக வழிகாட்டி நெறிகளைத் தொகுத்தார்கள். 2005 இல் தொடங்கிய, படவுருக்களை ஒரே பாணியில் அமைக்கும் டாங்கோ திட்டம், எந்தெந்த நிறங்கள், எந்தக் கோணம், எவ்வகை விளிம்புக்கோடு என்பதை வரையறுத்ததால், ஒருவரை ஒருவர் பார்த்திராத ஓவியர்கள் வரைந்த படவுருக்களும் ஒரே கையால் வரைந்தவை போல் இருந்தன. உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். அதன் முதல் விதியாக, எல்லா மாதிரிகளும் தமிழ்ச் சொற்களோடுதான் வரையப்பட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள். தோட்டத்துக் கோயில் கமிட்டியில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: பதிவு செய்யாமல் இப்படிக் குழு நடத்தலாமா?
ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்)

பதில்: பொருத்தமான கேள்வி, ஐயா. நம் நாட்டின் 1966 ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. ஒன்பது பேர் சேர்ந்து தனிப்பெயர், தலைவர், சந்தா என்று இயங்கப் போகிறார்கள் என்றால், முதலில் சங்கப் பதிவிலாகாவில் விசாரித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள மென்பொருள் திட்டத்தின் பங்களிப்பாளர்களாக மட்டும் இருந்துகொண்டு, பணத்தைத் தங்கள் கையால் தொடாமல் இருப்பதே இப்போதைக்கு அவர்களுக்கு எளிது. இன்க்ஸ்கேப் போன்ற பெரிய திட்டமே பணத்தையும் சட்ட வேலைகளையும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்னும் தாய் அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறது.

கேள்வி: குழுவில் இளையவன் நான். ஒருங்கிணைப்பாளர் அக்காதான் எல்லாவற்றையும் செய்கிறார். பள்ளி வேலை, வீட்டு வேலைக்குப் பிறகு நள்ளிரவில் பதில் எழுதுகிறார். மூன்று பேர் பெயரளவில் மட்டும் இருக்கிறார்கள். அக்காவும் போய்விட்டால் குழு என்னவாகும் என்று பயமாக இருக்கிறது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவரிடம் சொன்னபோது, ‘உங்களுக்குப் பெரட்டு இல்லையா?’ என்று கேட்டார்.
கல்லூரி மாணவன்

பதில்: இந்தக் கடிதங்களிலேயே முக்கியமான வாக்கியத்தை உங்கள் பாட்டியார்தான் சொல்லியிருக்கிறார், தம்பி. விடிவதற்கு முன், வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிடும்போது, யார் வரவில்லை என்பது எல்லார் முன்னிலையிலும் தெரிந்துவிடும். வராதவருடைய நிரை, அதாவது அவர் வெட்ட வேண்டிய மரவரிசை, அன்றே வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த நாள் அவர் வந்தால் மீண்டும் அவர் நிரைதான். உங்கள் குழுவிலோ, வராதவரின் நிரையை அக்கா ஓசையின்றித் தாமே வெட்டிக்கொண்டிருக்கிறார், ஆள் குறைந்திருப்பது எவர் கண்ணிலும் படவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இன்ன வேலை இன்னாரிடம், முடியாவிட்டால் சொல்லிவிடலாம் என்று ஒரு பட்டியலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு சுற்று பதில் இல்லையென்றால் வேலை கைமாறட்டும். மூன்று மாதம் வராதவர் ‘ஓய்வில்’ என்ற வரிசைக்கு மாறட்டும். திரும்பி வந்தால் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையைப் பொறுத்தவரை, பைத்தான் என்னும் நிரல் மொழியை உருவாக்கி அதன் இறுதி முடிவுகளையும் பல ஆண்டுகள் தாமே எடுத்துவந்த கைடோ வான் ரோசம், 2018 ஜூலையில் களைத்துப்போய் அப்பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்பதை அவர் நியமிக்கவில்லை. பங்களிப்பாளர்கள் மாதக்கணக்கில் விவாதித்து, பல ஆளுகை முறைகளை ஒப்பிட்டு வாக்களித்து, 2019 தொடக்கத்தில் ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் அதைச் செய்து முடிக்க ஆள்பலம் இருந்தது. ஒன்பது பேர் குழுவால் அவ்வளவு நாள் தாங்க முடியாது, ஆகவே அக்கா இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இதற்கு முன்மாதிரி தேடி உங்கள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டின் மகனான துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. நாற்பது படவுரு வரைந்தவருக்கும் நான்கு வரைந்தவருக்கும் ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் சம உரிமை இருக்கட்டும். ஒருவர் அல்லாமல் இருவரைத் தேர்ந்தெடுங்கள்: பணிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஒருவர், நிரலர்களோடு பேச ஒருவர். காலவரம்பு ஓராண்டு. இருவர் காலமும் ஒரே நாளில் முடியாதபடி ஆறு மாத இடைவெளி விடுங்கள். அப்போது பழகிய ஒருவர் எப்போதும் பொறுப்பில் இருப்பார்.

முதல் தேர்தலை அடுத்த வெளியீட்டுக்கு முன்பே நடத்திவிடுங்கள். விலகிய இருவருக்கும் அழைப்பு அனுப்ப மறந்துவிடாதீர்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும்.