ஆறு நிமிட நடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் பம்பிங் திறன் 30 சதவீதம்தான் என்று எக்கோவில் தெரிந்தது. பழுதான இதயத்தில் ஒரு ஜெல்லை ஊசியால் செலுத்தினால் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கும் என்று படித்தேன். அமெரிக்காவில் 15 பேருக்குச் செலுத்தியதில் முன்பைவிட அதிக தூரம் நடந்தார்களாம். அப்பாவிடம் சொன்னதிலிருந்து, “அது வரட்டும், இத்தனை மாத்திரை எதற்கு” என்று பாதியை நிறுத்திவிட்டார். அந்த ஜெல் எப்போது வரும்? பன்றியின் இதயத்திலிருந்து எடுப்பது என்கிறார்களே, ஒத்துக்கொள்ளுமா? ஸ்டெம் செல் இதைவிட மேலானதா?

ர.

அன்புள்ள ர.,

கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தவர் பாதி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதுகிறீர்கள்! ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அந்தப் பாதியில் இருந்தால், அடுத்த மாரடைப்புக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜெல்லைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை இங்கேயே நிறுத்திவிட்டு அவருடைய மருத்துவரைக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பன்றியைப் பற்றிக் கவலை வேண்டாம். பன்றியின் வால்வை மனித இதயத்தில் பொருத்துவது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ஸ்டெம் செல் தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

நீங்கள் படித்தது வென்ட்ரிஜெல் பற்றி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கரென் கிறிஸ்ட்மன் என்ற ஆய்வாளர் உருவாக்கியது. அந்த வேலையின் அழகை மறுக்க மாட்டேன். பன்றியின் இதயத் தசையைச் சோப்புக் கரைசலில் அலசி அலசி உயிரணுக்களை முழுவதும் வெளியேற்றிவிடுகிறார்கள். அணுக்கள் குடியிருந்த கூடு மட்டும் மிஞ்சுகிறது. அதை உலர்த்திப் பொடித்து, பெப்சின் என்ற செரிமான நொதியால் செரிக்கவைத்தால் ஒரு திரவம் கிடைக்கிறது. அறைச் சூட்டில் ஓடுகிற அந்தத் திரவம் உடம்புச் சூட்டை எட்டியதும் கூழாக உறைகிறது. அதனால் மார்பைத் திறக்காமல், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதய அறைக்குள் கொண்டுபோய் உள்சுவரிலிருந்தே தசைக்குள் செலுத்த முடிகிறது. விலங்குகளில் பார்த்தபோது, கூழின் நுண்துளைகள் வழியே சுற்றியுள்ள அணுக்கள் நுழைந்தன, குழாய்கள் கிளைத்தன. சில வாரங்களில் கூழும் கரைந்துவிட்டது.

குழாயை வளரத் தூண்டும் புரதத்தை நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான விவா ஆய்வில் 178 நோயாளிகள். விஇஜிஎஃப் என்ற அந்தப் புரதத்தைப் பெற்றவர்கள், 60ஆம் நாள் சோதனையில் மருந்தில்லாத போலித் திரவம் பெற்றவர்களைவிட மேலாக இல்லை. ரத்தத்தில் விட்ட புரதம் வெகு சீக்கிரம் காணாமல் போய்விடுகிறது. ஒரே இடத்தில் அளவு மீறிச் சேர்ந்தாலோ, ஒழுகும் குழாய்கள் கொத்துக்கொத்தாக முளைக்கின்றன. ஆகவேதான் தசைக்குள்ளேயே தங்கி நிதானமாக வேலை செய்யும் கூழைத் தேடுகிறார்கள். ஆனால் எத்தனை குழாய் முளைத்தாலும் செத்த தசை எழுந்து வராது. பெரிய மாரடைப்பில் நூறு கோடி வரை தசையணுக்கள் மடிந்து, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பின் ஓரத்தில் சாகாமல் பட்டினி கிடக்கும் தசைக்குத்தான் புதுக் குழாயால் பயன்.

இவ்வளவும் நீங்களே தேடிப் படித்துக்கொள்ளக் கூடியவை. என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடிதத்தின் “அதிக தூரம் நடந்தார்களாம்” என்ற வார்த்தைகள். பல நாட்களாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

2019இல் வந்த அந்த ஆய்வு முதல் கட்டம். ஜெல் ஆபத்தில்லாததா என்பதே அதன் முதன்மைக் கேள்வி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்றும் அளந்தார்கள், கூடியிருந்தது. ஆனால் 15 பேருக்கும் ஜெல் போட்டாயிற்று, 15 பேருக்கும் அது தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, ஜெல் பெறாத இன்னொரு குழு கிடையாது.

இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1959ஐ நினைவூட்டுகிறேன். அப்போது நெஞ்சுவலிக்கு ஓர் அறுவை சிகிச்சை பரவலாக நடந்தது. மார்பின் உட்பக்கம் ஓடும் இரண்டு தமனிகளைக் கட்டிவிட்டால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும், புதுப் பாதைகள் திறக்கும் என்றார்கள். நோயாளிகளும் வலி குறைந்தது, நன்றாக நடக்கிறோம் என்றார்கள். லியனார்ட் காப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 17 பேரை எடுத்துக்கொண்டார்கள். 8 பேருக்குத் தமனியைக் கட்டினார்கள். 9 பேருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு குழுவிலும் வலி குறைந்தது! அந்த அறுவை சிகிச்சை அத்தோடு வழக்கொழிந்தது. அந்த ஒன்பது பேரும் பொய் சொல்லவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வலி குறைந்தது.

எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம் மட்டுமல்ல. மாரடைப்புக்குப் பிறகு என் அப்பா வீட்டு வராந்தாவில் நடப்பார், நான் பக்கத்தில் நடந்து எண்ணுவேன். எண்ணிக்கையைக் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் அவரே எழுதுவார். 140, 135, 150 என்றுதான் பல வாரம் போயிற்று. ஒருநாள் 212. அன்று காலை புதிதாக வந்த ஒரு மருத்துவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் அப்பாவின் கையைப் பிடித்தபடி பேசியிருந்தார். ஒரு மருந்தையும் மாற்றவில்லை. அப்பா 212க்குப் பக்கத்தில் “டாக்டர் உட்கார்ந்து பேசினார்” என்று எழுதினார். அடுத்த எக்கோவில் பம்பிங் திறன் ஒரு புள்ளிகூட நகரவில்லை. அன்று யாராவது ஒரு ஜெல்லைப் போட்டிருந்தால், என் வாழ்நாள் முழுக்க அந்த ஜெல்லுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் தோற்றுப்போன ஆய்வுகளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டை இதயத் தமனி வழியே செலுத்தி, பழுதான சுவருக்கு முட்டுக் கொடுக்கும் முயற்சி ஒன்று நடந்தது. 303 நோயாளிகள், ஒப்பிடுவதற்கான குழுவும் உண்டு. இதயம் விரிந்துகொண்டே போவதை அது தடுக்கவில்லை என்று 2016இல் வெளிப்படையாக அச்சிட்டார்கள். அந்த 303 பேர் உங்கள் அப்பாவுக்குச் செய்திருக்கும் உதவியை நினைத்துப் பாருங்கள். பலனில்லாத ஊசி ஒன்று அவருடைய நெஞ்சுக்குள் இறங்காமல் தடுத்திருக்கிறார்கள்.

வென்ட்ரிஜெல்லும் இப்படியொரு பரீட்சையில் தேற வேண்டும். தேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காக அப்பாவைக் காக்க வைக்காதீர்கள். அவர் நிறுத்திய மாத்திரைகள் அந்தப் பரீட்சையை ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் எப்போதோ எழுதி முடித்தவை. இதை அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோன செய்தியால்தான் நிறுத்தினார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளைக்கே எழுதுங்கள்.