இணைப்பது மட்டும் போதாது

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விற்பனை, இருப்பு, கணக்கு, சம்பளம் என்று ஆறு மென்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்திடம் வாங்கியது. நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் தகவலை வாங்கிக் கொடுக்கும் ஓர் ஒருங்கிணைப்புத் தளம் வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதை. இரண்டு மூன்று மென்பொருள் என்றால் நேரடி இணைப்பே போதும் என்றிருப்பேன். ஆறையும் ஒன்றோடொன்று கோத்தால் 15 இணைப்புகள். அது பத்தானால் 45. இப்போதுள்ள ஆறில் ஒன்றில் சின்ன மாற்றம் வந்தாலும் ஐந்து இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். நடுவில் தளம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்புதான்.

மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை வரிசையில் சேமித்து வைக்கும் தளமாகப் பாருங்கள். கணக்கு சர்வர் இரவில் படுத்துவிட்டாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட தளங்களான ராபிட்எம்க்யூ, அப்பாச்சி காஃப்கா இரண்டும் ஓப்பன் சோர்ஸ்தான், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்று நடந்தது. ஆர்டர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது. போகவில்லை என்று நினைத்துத் தளம் அதையே மறுபடி அனுப்ப, இருப்பு இரண்டு முறை குறைந்தது. அலமாரியில் இருந்த பொருள் கணினியில் இல்லை. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அந்த எண் ஏற்கெனவே வந்ததா என்று வாங்கும் பக்கம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எந்தத் தளத்தை வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: அர்த்தம். 1999-ல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் செவ்வாயில் தொலைந்தது நினைவிருக்கும். ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் அளவாக எடுத்துக்கொண்டது. எண்கள் என்னவோ தடையில்லாமல்தான் போய்ச் சேர்ந்தன.

உங்களிடமும் 03/04 என்பது ஒரு மென்பொருளுக்கு மார்ச் 4, இன்னொன்றுக்கு ஏப்ரல் 3 ஆக இருக்கலாம். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எல்லாத் தேதியும் போகட்டும். வாடிக்கையாளர் முகவரி மாறினால் எந்த மென்பொருளில் இருப்பது சரியானது? இதை விற்பனையாளர் சொல்ல முடியாது. விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே கணக்குப் பிரிவையும் கிடங்கையும் ஒரே மேசையில் உட்கார வைத்து எழுதி வாங்குங்கள்.