கையில் காசு குறைவு, கொழும்பு பார்க்க வேண்டும்: வெள்ளவத்தைக்காரனின் பதில்கள்

முப்பது வருடமாக வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். இந்தியா, மலேசியா, கனடா என்று எங்கிருந்தோ வரும் சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டியே செருப்புத் தேய்ந்தவன். குறைந்த செலவில் கொழும்பு பார்ப்பது பற்றிப் பலர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். விலைகளை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நான் குறித்து வைத்த எந்த விலையும் அடுத்த வருடம் அப்படியே இருந்ததில்லை.

திருச்சியிலிருந்து: அண்ணா, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டாக்ஸிதான் ஒரே வழியா?

இல்லை தம்பி. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்பிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து புறக்கோட்டைக்கு 187 இலக்க பஸ் அதிவேகப் பாதையில் வருகிறது. வெளியே வந்ததும் "பஸ் இப்போது இல்லை, கடைசி பஸ் போய்விட்டது" என்று ஒருவர் மிகுந்த அக்கறையோடு சொல்வார். அவரிடம் கார் இருக்கும். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். பெரிய பெட்டி ஒரு சீட்டைப் பிடித்தால் அதற்கும் காசு கேட்பார்கள், சண்டை போட வேண்டாம், அது இங்கே வழக்கம்.

புறக்கோட்டையில் இறங்கி 100 அல்லது 101 பிடித்தால் காலி வீதி (Galle Road) வழியாகக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் வரும். நள்ளிரவில் இறங்குகிறவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்த வீரமெல்லாம் காட்டாமல் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் கார் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் பகிர்ந்தால் பெரிய தொகை அல்ல. அதற்கு இணையம் வேண்டும், ஆகவே வெளியே வருமுன் அங்கேயே ஒரு சிம் வாங்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து: குடும்பத்தோடு வருகிறோம். எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம்? கோட்டை பக்கம் மலிவு என்கிறார்களே?

கோட்டை பக்கம் இருப்பது ஒன்று பெரிய நட்சத்திர ஹொட்டேல்கள், அல்லது புறக்கோட்டை பஸ் நிலையத்தை ஒட்டிய லொட்ஜ்கள். முதலாவது உங்கள் காசுக்கு ஆகாது, இரண்டாவது குடும்பத்துக்கு ஆகாது.

கொழும்பை நாங்கள் இலக்கத்தால்தான் சொல்வோம். கொழும்பு 6 வெள்ளவத்தை, 4 பம்பலப்பிட்டி, 13 கொட்டாஞ்சேனை. தமிழர் நிறைய இருக்கும் இடங்கள் இவை. என் ஊர் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்), வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் வீட்டு மாடி அறைகளும் சிறிய விருந்தினர் விடுதிகளும் நிறைய. கல்யாணத்துக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களை நம்பியே நடப்பவை. ஓகஸ்ட், டிசம்பரில் அவர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள், அப்போது முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அறை பேசும்போது கேட்க வேண்டியவை: ஏசிக்குத் தனிக் காசா? சமையலறை பாவிக்கலாமா? மூன்றாம் மாடி என்றால் லிஃப்ட் உண்டா? கடல் தெரியும் அறை என்றால் ரயிலும் கேட்கும். தண்டவாளம் கடலோரமாகவே ஓடுகிறது. எங்களுக்கு அது தாலாட்டு. என் சென்னைச் சித்தி முதல் இரவு எழுந்து உட்கார்ந்து கந்தசஷ்டி கவசம் சொன்னார்.

கோயம்புத்தூரிலிருந்து: ஓட்டோக்காரர்கள் ஏமாற்றுவார்களா?

உங்கள் ஊரில் எப்படியோ அப்படித்தான். மீற்றர் போடுகிறவரும் உண்டு, "மீற்றர் பழுது" என்கிறவரும் உண்டு. செயலியில் போட்டால் தொகை முன்பே தெரிந்துவிடும், வாதம் இல்லை. சில்லறையைச் சரியாக வைத்திருங்கள்.

ஒரு கதையை மட்டும் நினைவில் வையுங்கள். காலிமுகத்திடல் பக்கமாகவோ கங்காராமய விகாரைப் பக்கமாகவோ நடக்கும்போது நல்ல உடையில் ஒருவர் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர் என்பார், பெரிய ஹொட்டேலில் வேலை என்பார், பிறகு "இன்றைக்குக் கோவிலில் யானைப் பெரஹெர ஊர்வலம், இன்றைக்கு மட்டும்தான், இன்னும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்பார். அந்த நொடியே பக்கத்தில் ஓர் ஓட்டோ வந்து நிற்கும். யானையும் இருக்காது, பெரஹெரவும் இருக்காது. கோவிலைக் காட்டிவிட்டு இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் விடுவார்கள், கடைசியில் ஓட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். என் தம்பி முறையான ஒருவன், எம்பிஏ படித்தவன், இதில் மாட்டினான். நான் அன்று அவனை எச்சரிக்கவில்லை என்று இன்றுவரை என் மேல்தான் கோபம்.

ஓட்டோவை விடுங்கள், கோச்சியில் ஏறுங்கள். ரயிலைத்தான் சொல்கிறேன். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டியே போகிறது. மூன்றாம் வகுப்பு ரிக்கெட்டுக்கு ஒரு பிளேன்டீ காசு கூட ஆகாது. காலையும் மாலையும் அலுவலக நேரத்தைத் தவிருங்கள். பின்னேரம் மூன்று மணி போல் கோட்டையில் ஏறிக் கடல் பக்க ஜன்னலைப் பிடித்துக் கல்கிசை போய், கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்துத் திரும்பி வாருங்கள். படம் எடுக்க வாசலில் தொங்க மட்டும் வேண்டாம்.

மதுரையிலிருந்து: சாப்பாடு? நாங்கள் சுத்த சைவம்.

இதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எச்சரிக்கை. இலங்கைச் சமையலில் மாசி என்று ஒன்று உண்டு, மாலைதீவுக் கருவாடு. அதை இடித்துத் தூளாக்கிச் சம்பலிலும் சில மரக்கறிகளிலும் கூடப் போடுவார்கள். சிங்களக் கடையில் "மரக்கறிச் சாப்பாடு" என்று வாங்கினால் இறைச்சி இராது, ஆனால் சீனிச் சம்பலில் மாசி இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது மீனே அல்ல, வாசனைச் சரக்கு. "உம்பலகட எபா" என்று சொல்லுங்கள், மாசி வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் கவலையே வேண்டாம் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெரு சைவக் கடைகள் இருக்கின்றன. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் அங்கே சாப்பிட்டுப் பாருங்கள். தோசையை ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம்.

மாலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை என்று கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாதீர்கள். தின்றதற்கு மட்டும்தான் காசு, மிச்சத்தை எண்ணிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். ஆகவே எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள், கையால் தொட்டும் பார்க்காதீர்கள்.

மத்தியானத்துக்கு சோத்துப் பார்சல். அலுவலகக்காரர்கள் எந்தக் கடை வாசலில் நிற்கிறார்களோ அங்கே வாங்குங்கள். ஒரு பார்சல் சாதாரணமாகச் சாப்பிடுகிற இருவருக்குப் போதும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் இரவில் அளுத்கடைப் பக்கம் போகலாம், தெரு முழுக்கக் கடைதான். கொத்து ரொட்டி போடும் தகட்டுச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். மரக்கறிக் கொத்தும் உண்டு, ஆனால் அதே தகட்டில்தான் அடிப்பார்கள், சுத்த சைவம் யோசித்துக்கொள்ளுங்கள். காலிமுகத்திடலில் இறால் வடை. வடையின் தலையில் முழு இறால் உட்கார்ந்திருக்கும்.

விலைப்பட்டியலைப் பார்த்து ஏமாறுவது குளிர்சாதன உணவகங்களில்தான். ஒருமுறை மைத்துனரைக் கடலோரக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போய்க் கெத்தாக "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. பாதி அவரிடமே வாங்கினேன்.

பெங்களூரிலிருந்து: இந்தியாவின் யுபிஐ வேலை செய்யுமா?

2024 பெப்ரவரியில் தொடங்கினார்கள். லங்கா கியூஆர் அட்டை வைத்த கடைகளில் முயன்று பார்க்கலாம். பஸ், கோச்சி, தேநீர்க் கடைக்குத் தாள் காசுதான்.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, எங்களுக்கு இரண்டு நாள்தான். அதிகம் செலவில்லாமல் என்ன பார்க்கலாம்?

ஒரு காலைப்பொழுதை வட கொழும்பில் நடக்க ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன், ஏழரைக்கே தொடங்குங்கள். செட்டியார் தெருவில் நகைக் கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் இருக்கின்றன. ஆடிவேல் திருவிழாக் காலத்தில் வந்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. தஞ்சாவூர்க்காரருக்குக் கருங்கல் கோவிலில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். இந்தச் சந்தடிக்கு நடுவில் உள்ளே நுழைந்ததும் வரும் குளிர்ச்சிதான். பக்கத்திலேயே புனித அந்தோனியார் திருத்தலம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். திரும்பும் வழியில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்து, உடம்பை மூடிய உடையில், கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கோவில்களுக்கும் அந்தோனியார் திருத்தலத்துக்கும் நுழைவுக் காசு இல்லை.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றுதான் சொல்வேன் என்றால் அது கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம், 1877இல் திறந்தது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடத்தான். ஆனால் கண்டி மன்னரின் சிம்மாசனத்தைவிட எனக்குப் பெரியது அங்குள்ள ஒரு கல். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தென்னிலங்கைத் தேவந்துறையின் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கைப் பட்டியல். 1911இல் காலி நகரில் ஒரு மதகில் மூடுகல்லாகக் கிடந்ததைத்தான் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள், ஒன்றிரண்டு எழுத்து பிடிபடும்.

வெளியே வந்தால் விகாரமகாதேவிப் பூங்கா, மர நிழல், இலவசம். மாலைக்குக் காலிமுகத்திடல், அதுவும் இலவசம். 1859இல் ஆளுநர் வார்ட் மக்கள் உலாவுவதற்கென்று ஒழுங்குபண்ணிய திடல். தாமரைக் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. மேலே ஏற உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, உங்களுக்கு வேறு விலை.

கோலாலம்பூரிலிருந்து: நாங்கள் வரும் வாரத்தில் போயா நாள் வருகிறது. பிரச்சினையா?

பௌர்ணமி தோறும் விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக் கடையும் மூடியிருக்கும், அவ்வளவுதான். மே மாத வெசாக் என்றால் மாறாக அன்றுதான் வர வேண்டும். தெருவெல்லாம் வெளிச்சக்கூடு, அங்கங்கே தன்சல். தன்சல் என்றால் வருகிறவர் எவருக்கும் இலவசச் சாப்பாடு: சோறு, கடலை, ஐஸ்கிரீம் கூட. வரிசையில் நில்லுங்கள், யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். நெரிசலில் பணப்பை கவனம்.

டொரொன்டோவிலிருந்து: அங்கிள், அம்மா கொழும்பில் வளர்ந்தவர். எனக்குத் தமிழ் கொஞ்சம்தான், சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக, மகள். புறக்கோட்டையில் பாதிக் கடை தமிழில்தான் ஓடுகிறது, முஸ்லிம் வியாபாரிகளும் தமிழ் பேசுவார்கள். உங்கள் அரைத் தமிழைக் கேட்டதும் "எங்கே இருந்து வாறீங்க?" என்று தொடங்கிவிடுவார்கள், விலையும் கொஞ்சம் இறங்கும். பஸ்ஸில் "பஹினவா" என்றால் இறங்கப் போகிறேன். "கீயத?" என்றால் எவ்வளவு. சாரதிக்குப் பின்னால் உள்ள முன் இருக்கை பிக்குமாருக்கு, அதில் உட்கார வேண்டாம். விகாரைகளில் தோளும் முழங்காலும் மூட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது, அதை இங்கே மிகவும் பாரதூரமாக எடுப்பார்கள்.

தனியாக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். பகலில் பயமில்லை. நெரிசலான பஸ்ஸில் சில ஆண்களின் சேட்டை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சத்தமாகப் பேசுங்கள், பக்கத்தில் உள்ள அக்காமார் கூட நிற்பார்கள். இருட்டிய பின் செயலியில் போட்ட வண்டியிலேயே போய் வாருங்கள். பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, அது இலவசம்.

சேலத்திலிருந்து: வாங்கிக்கொண்டு போக என்ன?

தேயிலை. அதைச் சுற்றுலாக் கடையில் வாங்காமல் கார்கில்ஸ், கீல்ஸ் போன்ற சுப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். துணிமணிக்குப் புறக்கோட்டை, பேரம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு, நடைபாதை வியாபாரம்தான்.

மீண்டும் மதுரையிலிருந்து: அப்படியே யாழ்ப்பாணமும் போய்வர ஆசை. மலிவான வழி?

கோட்டையிலிருந்து கோச்சி உண்டு, ஆனால் சீட்டு முன்பதிவு செய்யாவிட்டால் நின்றுகொண்டு போக நேரும், தூரம் 400 கிலோமீட்டர். இரவு பஸ்தான் என் தெரிவு, ஒரு நாள் அறைக் காசும் மிச்சம். வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுகின்றன. பகலிலேயே போய் சீட்டைப் பதிந்து வையுங்கள், கடைசி வரிசை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசியைக் கூட்டி வைப்பார்கள், ஒரு போர்வை கையில் இருக்கட்டும். விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்குவீர்கள்.