பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா? இஸ்லாமியச் சிந்தனையாளர்கள் சொன்னது என்ன?

'ஹுதூஸ்' என்றால் இல்லாமல் இருந்து பிறகு உண்டாவது. 'கிதம்' என்றால் தொடக்கமே இல்லாமல் என்றும் இருப்பது. இறைவன் தொடக்கமற்றவன் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. உலகம் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

கலாம் எனப்படும் இறையியல் மரபினர், உலகம் உண்டானது என்றார்கள். தத்துவவாதி இப்னு சீனா (980–1037) ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் முழுமையாக இருந்தால் விளைவு ஏன் காத்திருக்க வேண்டும்? சாவியைத் திருப்பிப் பாருங்கள். கையும் சாவியும் ஒரே நேரத்தில்தான் அசைகின்றன. ஆனாலும் கை அசைவதால்தான் சாவி அசைகிறது. உலகமும் அப்படித்தான்: காலத்தால் பிந்தியதல்ல, ஆனால் இறைவனைச் சார்ந்தது.

கலாம் மரபைச் சேர்ந்த கஸ்ஸாலி 1095 வாக்கில் இதை மறுத்து ஒரு நூலே எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது கோள் கணக்கு. அன்றைய வானியல்படி சூரியன் ஒரு சுற்று சுற்ற 1 வருடம், சனிக்கு 30 வருடம். உலகம் எப்போதும் இருந்தது என்றால் இரண்டும் முடித்த சுற்றுகள் எண்ணற்றவை. அப்படியிருக்க, ஒன்று மற்றதைப்போல் 30 மடங்கு என்பது எப்படி? சரி, இதுவரை முடிந்த சுற்றுகள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? எண்ணற்றதற்கு ஒற்றை இரட்டை கிடையாது என்று பின்னால் தத்துவவாதி இப்னு ருஷ்த் பதில் கொடுத்தார். வாதம் அதோடு ஓயவில்லை.

பலர் நினைப்பதற்கு மாறாக, உலகம் தொடக்கமற்றது என்ற இப்னு சீனா இறைவனை மறுத்தவரல்ல; தத்துவவாதிகள் எல்லாரும் அவர் பக்கமும் இல்லை, அல் கிந்தி உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்றே வாதிட்டார்.