'ஈஸி ரைடர்' படத்தை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

1969-இல் டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய அமெரிக்கப் படம். கதை சின்னதுதான்: போதைப்பொருள் விற்ற பணத்தை பெட்ரோல் டேங்கில் ஒளித்துவைத்துக்கொண்டு, இரண்டு இளைஞர்கள் நியூ ஆர்லியன்ஸுக்கு பைக்கில் கிளம்புகிறார்கள். புறப்படும் முன் அவர்களில் ஒருவராக நடித்த பீட்டர் ஃபோண்டா கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வீசுவார். வசனமே இல்லை; வேலை, நேரம், ஒழுங்கு என்று வாழ்ந்த பெற்றோர் தலைமுறைக்கு அந்த ஒரு வீச்சுதான் பதில்.

அதற்காகப் படம் அந்த இளைஞர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. தாங்கள் கோட்டைவிட்டுவிட்டதாகக் கடைசி இரவில் ஃபோண்டாவே சொல்வார். எனக்கு மிகப் பிடித்தது அந்த நேர்மைதான். மறுநாள், நீளமுடியைக் கண்டு எரிச்சலடைந்த டிரக்கில் வந்தவர்கள் அந்த இருவரையும் சுட்டுவிடுகிறார்கள்.

சொற்பச் செலவில் எடுத்த இந்தப் படம் வசூலை அள்ளியதும், ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இளம் இயக்குநர்களை நம்பிப் பணம் போடத் தொடங்கின.